ஓ0-இல் ஓடுகிறது, ஓ2-இல் படுத்துவிடுகிறது: எங்கிருந்து தேடுவது?

"அக்கா, கம்பைலர்ல பக் இருக்குங்க. ஓ0-ல நல்லா ஓடுது, ஓ2 போட்டா போர்டு நின்னுடுது." கோயம்புத்தூரில் பம்ப் கன்ட்ரோலர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதும் எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிற யாரும் ஒருநாள் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. (ஓ0 என்பது கம்பைலர் கோடை ஆப்டிமைஸ் செய்யாமல் விடும் நிலை, ஓ2 என்பது வேகத்துக்காக அதை மாற்றியமைக்கும் நிலை.) கம்பைலரில் பக் கிடையாது என்று நான் சாதிக்க மாட்டேன். சிஸ்மித் என்ற கருவியை உருவாக்கிய யூட்டா பல்கலைக்கழகக் குழு, சி கம்பைலர்களில் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த 325-க்கும் மேற்பட்ட பிழைகளைப் பிடித்ததாக 2011-இல் எழுதியது. ஆனால் அவை கருவியே தாறுமாறாக உருவாக்கித் தள்ளிய புரோகிராம்களில் சிக்கியவை. மனிதர் எழுதிய கோடு ஓ2-இல் மட்டும் உடைந்தால், என் பந்தயம் எப்போதும் கோடின் மேல்தான்.

கீழே வருவது சி, சி++ எழுதுகிறவர்களுக்கு. ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களுக்கும் பொருந்தும். கம்பைலர் ஆப்ஷன்களின் பெயர்களை உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது முன்னால் ஹைஃபனும், பலவற்றுக்கு எஃப் எழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்டிமைசர் எதை நம்பி வேலை செய்கிறது

ஓ0-இல் கம்பைலர் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மொழிபெயர்க்கிறது. வேரியபிளை மெமரியிலிருந்து எடுக்கும், கணக்குப் போடும், மெமரியில் திரும்ப வைக்கும், அடுத்த வரிக்குப் போகும். ஓ2-இல் அது யோசிக்க ஆரம்பிக்கிறது. யோசிக்க அதற்குச் சில அனுமானங்கள் வேண்டும். அவை சி மொழியின் விதிகளிலிருந்து வருகின்றன. சைன்டு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ ஆகாது, அரேயின் எல்லைக்கு வெளியே யாரும் படிக்க மாட்டார்கள், எதையும் சுட்டாத நல் பாயின்டர் வழியாக யாரும் உள்ளே போக மாட்டார்கள், ஒரு டைப்பாக வைத்ததை வேறு டைப்பாக எடுக்க மாட்டார்கள். இவற்றை மீறினால் வருவதுதான் அன்டிஃபைண்ட் பிஹேவியர், சுருக்கமாக யூபி. மீறினாலும் ஓ0 பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஓ2 கண்டுகொள்ளும் என்று அர்த்தமில்லை. மீறல் நடக்காது என்றே வைத்துக்கொண்டு மேலே போய்விடும்.

2009-இல் லினக்ஸ் கெர்னலின் டன் என்ற விர்ச்சுவல் நெட்வொர்க் டிரைவரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஒரு ஃபங்ஷனில் முதலில் ஒரு பாயின்டர் வழியாக அதன் உள்ளே இருந்த சாக்கெட்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அது நல் பாயின்டரா என்று சோதித்தார்கள். ஜிசிசி என்ன நினைத்தது? ஏற்கெனவே உள்ளே போய் எடுத்தாயிற்று, அப்படியானால் அது நல் பாயின்டராக இருக்க முடியாது, பிறகு சோதனை எதற்கு? சோதனையைத் தூக்கிவிட்டது. அது ரூட் உரிமை பெறும் அளவுக்கான பாதுகாப்பு ஓட்டையாகி, அதைப் பயன்படுத்தும் எக்ஸ்ப்ளாய்ட்டும் வெளியானது. அதன் பிறகு கெர்னலை "நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ்" ஆப்ஷனோடு கம்பைல் செய்யத் தொடங்கினார்கள். சோர்ஸைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை அங்கேயே இருக்கும், பைனரியில் இருக்காது. கோடை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்த மாதிரி பக் கிடைக்காது என்று நான் சொல்வது அதனால்தான்.

முதலில், வித்தியாசம் உண்மையிலேயே ஆப்டிமைசேஷனா?

பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். டீபக் பில்டுக்கும் ரிலீஸ் பில்டுக்கும் இடையே மாறுவது ஓ எண் மட்டுமல்ல. சிமேக்கில் ஜிசிசி, கிளாங் இரண்டுக்கும் ரிலீஸ் என்றால் ஓ3, கூடவே என்டீபக் மேக்ரோவும் டிஃபைன் ஆகிறது. அந்த மேக்ரோ வந்ததும், ஒரு நிபந்தனை சரியா என்று ஓடும்போது சோதிக்கும் அசெர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போகும். அசெர்ட்டின் அடைப்புக்குள்ளேயே யாராவது ஒரு இனிஷியலைஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தால், ரிலீஸில் அந்தக் கால் போகவே போகாது. எங்கள் பக்கம் செலவு குறைக்கிறேன் என்று வெளியில் கொடுத்து வாங்கிய ஒரு டிரைவரில் ஈஈப்ரம் மெமரியின் தொடக்கமே இப்படி அசெர்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆகவே டீபக் பில்டை அப்படியே வைத்துக்கொண்டு ஓ0-வை மட்டும் ஓ2 ஆக்கிப் பாருங்கள். அப்புறம் ஓ0-வை வைத்துக்கொண்டு என்டீபக் மட்டும் போட்டுப் பாருங்கள். எது உடைகிறது என்று தெரிந்த பிறகு மேலே போகலாம். லிங்க்-டைம் ஆப்டிமைசேஷன் (எல்லா ஃபைலையும் சேர்த்து லிங்க் செய்யும்போது நடப்பது) போட்டிருந்தால் அதையும் இப்போதே அணைத்துவிடுங்கள். பின்னால் வரும் பாதிப் பாதி வேலைக்கு அது குறுக்கே நிற்கும்.

மலிவான சோதனைகள்

வார்னிங்குகளை ஓ2 போட்டே எடுங்கள். வால், எக்ஸ்ட்ரா என்ற வார்னிங் ஆப்ஷன்கள் இரண்டும் போட்டு ஓ0-இல் சுத்தமாக வந்தது என்று சந்தோஷப்பட வேண்டாம். "மேபி-அன்இனிஷியலைஸ்ட்" மாதிரி வார்னிங் வர, கம்பைலர் கோடின் போக்கைப் பின்தொடர வேண்டும். அந்த ஆராய்ச்சியே ஆப்டிமைசேஷனோடுதான் நடக்கிறது. சி++ எழுதுகிறவர்கள் "ரிட்டர்ன்-டைப்" வார்னிங்கை எர்ரராகவே மாற்றிவிடுங்கள். மதிப்பு திருப்ப வேண்டிய ஃபங்ஷனில் ரிட்டர்ன் விட்டுப்போனால், ஜிசிசி 8 முதல் அந்த இடத்துக்கு யாரும் வரவே மாட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறது. ஓடும்போது புரோகிராம் ஃபங்ஷனின் முடிவைத் தாண்டி அடுத்த ஃபங்ஷனுக்குள் விழும். அதை டீபக்கரில் பார்த்தால் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்தது சானிடைசர்கள், அதாவது புரோகிராம் ஓடும்போதே விதிமீறலைப் பிடித்துச் சொல்லும் கம்பைலர் வசதிகள். அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைண்ட் சானிடைசரையும் சேர்த்தே போடலாம். போர்டில் இடமில்லை, அது எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். போர்டில் ஓட்டச் சொல்லவில்லை. ஹார்டுவேரைத் தொடாத பகுதியை (பாக்கெட் பிரிப்பது, கணக்கு, ஸ்டேட் மெஷின்) பிரித்தெடுத்து லேப்டாப்பில் கம்பைல் செய்து, போர்டிலிருந்து பிடித்த உண்மையான டேட்டாவை ஊட்டுங்கள். பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒட்டிக்கிடக்கிறது என்றால், அதுவே தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். இனிஷியலைஸ் செய்யாத மெமரியைப் பிடிக்க கிளாங்கின் மெமரி சானிடைசர் இருக்கிறது, ஜிசிசியில் அது கிடையாது; வால்கிரைண்ட் போதும். த்ரெட் இருந்தால் த்ரெட் சானிடைசர், அதைத் தனி பில்டாக.

இதிலும் சிக்கவில்லையா? ஓ2-வோடு "நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங்", "ராப்வி", முன்பு சொன்ன நல் செக் ஆப்ஷன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். முதலாவதால் சரியானால் டைப் மாற்றிப் படித்திருக்கிறீர்கள். இரண்டாவதால் சரியானால் சைன்டு ஓவர்ஃப்ளோ. இவை நோய் என்னவென்று சொல்லும், மருந்து அல்ல. "ராப்வி போட்டேன், சரியாயிடுச்சு" என்று மேக்ஃபைலில் ஒரு வரி சேர்த்துவிட்டு டிக்கெட்டை மூடப் பார்க்கிறவர்களை நான் மூடவிடுவதில்லை. லினக்ஸ் கெர்னல் இப்படிப்பட்ட ஆப்ஷன்களோடுதான் கம்பைல் ஆகிறது, உண்மை. அது தெரிந்தே எடுத்த முடிவு.

பாதி ஓ0, பாதி ஓ2

எந்த ஃபைல் என்றே தெரியாதபோது எனக்குப் பிடித்த வழி இது. எல்லா ஃபைலையும் ஓ0-இல் ஒரு ஃபோல்டரிலும் ஓ2-இல் இன்னொரு ஃபோல்டரிலும் கம்பைல் செய்யுங்கள். பிறகு பாதி ஆப்ஜெக்ட் ஃபைல்களை இங்கிருந்தும் மீதியை அங்கிருந்தும் எடுத்து லிங்க் செய்து ஓட்டுங்கள். உடைந்தால் குற்றவாளி ஓ2 பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 40 ஃபைல் இருந்தாலும் ஆறு லிங்க்கில் ஒரு ஃபைலுக்கு வந்துவிடலாம்.

ஃபைல் கிடைத்ததும் ஃபங்ஷன். கிளாங்கில் ஃபங்ஷனுக்கு "ஆப்ட்-நன்" ஆட்ரிபியூட் போட்டால் அதை மட்டும் ஆப்டிமைஸ் செய்யாது. ஜிசிசியில் "ஆப்டிமைஸ்" ஆட்ரிபியூட் இருக்கிறது. டீபக் செய்ய மட்டும் பயன்படுத்துங்கள், புரொடக்‌ஷனுக்கு வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. கிளாங் பக்கம் இன்னொரு வசதி, "ஆப்ட்-பைசெக்ட்-லிமிட்". ஓர் எண் கொடுத்தால் அத்தனையாவது பாஸ் (ஆப்டிமைசரின் ஒரு படி) வரை மட்டும் ஆப்டிமைசர் ஓடும். எண்ணை ஏற்றி இறக்கினால் எந்த பாஸில் உடைகிறது என்று தெரிந்துவிடும். ஜிசிசியில் ஓ1 போட்டு ஓ2-வின் ஆப்ஷன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தாலும் அது ஓ2 ஆகாது, சில ஆப்டிமைசேஷன்களுக்குத் தனி ஆப்ஷனே கிடையாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பாதிப் பாதியாகப் பிரிக்கும்போது விடை நிலையாக இல்லாமல் ஒரே பைனரி ஒருமுறை ஓடி ஒருமுறை நின்றால், அங்கேயே நிறுத்துங்கள். அது டைமிங், ரேஸ் (இரண்டு பக்கமிருந்து ஒரே டேட்டாவுக்குப் போட்டி), அல்லது இனிஷியலைஸ் செய்யாத வேரியபிள். "ஒரு பிரின்ட்எஃப் போட்டா சரியாயிடுது" என்பதும் நல்ல துப்புதான். வெளியே இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது குளோபல் வேரியபிள்களை மாற்றியிருக்கலாம் என்று கம்பைலர் பயந்து அவற்றை மெமரியிலிருந்து மறுபடி படிக்கும். பிரின்ட்எஃப்பை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

டிஸ்அசெம்பிளி பார்க்கப் பயப்பட வேண்டாம்

ஃபங்ஷன் கையில் வந்தபின், பைனரியை அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் இரண்டு பில்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னத் துண்டாக வெட்ட முடிந்தால் மேட் காட்போல்ட் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் போட்டால் இன்னும் வசதி. அசெம்பிளி முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. எது காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள்: ஒரு ஒப்பீடு, ஒரு லோடு (மெமரியிலிருந்து எடுப்பது), ஒரு ஸ்டோர் (மெமரியில் வைப்பது).

ஆர்ம் கார்டெக்ஸ்-எம் போர்டில் அடிக்கடி வருவது இது. யூஆர்ட் இன்டரப்ட் (சீரியல் டேட்டா வந்ததும் நடுவில் புகுந்து ஓடும் ஃபங்ஷன்) ஒரு ஃபிளாக்கை 1 ஆக்கும். மெயின் லூப், ஃபிளாக் 0-வாக இருக்கும்வரை சும்மா காத்திருக்கும். ஓ0-இல் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஃபிளாக்கை மெமரியிலிருந்து எடுக்கும் லோடு இருக்கும். ஓ2-இல் பார்த்தால் லோடு லூப்புக்கு வெளியே ஏறியிருக்கும், ஒரே ஒருமுறை. அதன்பின் லூப் என்ற பெயரில் இருப்பது ஒற்றை பிராஞ்ச், தன்னையே நோக்கி. ஹெக்ஸில் ஈ7எஃப்ஈ. டிஸ்அசெம்பிளியில் இந்த நாலெழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லூப்புக்குள் ஃபிளாக்கை யாரும் தொடவில்லை. இன்டரப்ட் என்று ஒன்று இருப்பதே கம்பைலருக்குத் தெரியாது.

ஃபிளாக்குக்கு வோலடைல் போடுங்கள், ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலரிடம் சொல்வது அது; இந்த லூப் சரியாகும். ஆனால் இன்டரப்ட் ஒரு பஃபரை நிரப்பிவிட்டு ஃபிளாக்கை ஏற்றுகிறது என்றால், ஃபிளாக் மட்டும் வோலடைலாக இருந்தால் போதாது. வோலடைல் அல்லாத பஃபர் எழுத்துகளை ஃபிளாக்குக்கு அந்தப் பக்கம் நகர்த்தக் கம்பைலருக்கு உரிமை உண்டு. சி11 அட்டாமிக்கின் ரிலீஸ், அக்வயர் வரிசையைப் பயன்படுத்துங்கள், அல்லது வரிசையை மாற்றவிடாமல் தடுக்கும் கம்பைலர் பேரியரை நடுவில் வையுங்கள். 8-பிட் ஏவிஆர் சிப்பில் 16-பிட் கவுன்டர் இருந்தால் இன்னொரு சிக்கல்: வோலடைல் போட்டாலும் இரண்டு பைட்டும் இரண்டு தடவையாகத்தான் படிக்கப்படும், நடுவில் இன்டரப்ட் வந்து எண்ணைக் கிழித்துவிடும். படிக்கும் அந்த நேரம் மட்டும் இன்டரப்டை அணைத்து வையுங்கள்.

சந்தேகம் வந்த இடமெல்லாம் வோலடைல் தெளிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பக் மறையும், காரணம் மறையாது.

மாட்பஸ் பாக்கெட்டும் ஹார்ட் ஃபால்ட்டும்

எனர்ஜி மீட்டரிலிருந்து மாட்பஸ் என்ற புரோட்டோகால் வழியாக வோல்டேஜ், கரன்ட் படிக்கும் கோடு. கார்டெக்ஸ்-எம்4. ஓ0-இல் மாதக்கணக்கில் ஓடும், ஓ2-இல் முதல் பாக்கெட்டிலேயே ஹார்ட் ஃபால்ட், அதாவது சிப் மேலே போக முடியாமல் நிற்கும் பிழை. மாட்பஸ் ஆர்டியூ பதிலின் அமைப்பைப் பாருங்கள்: ஸ்லேவ் அட்ரஸ் 1 பைட், ஃபங்ஷன் கோடு 1 பைட், பைட் கவுன்ட் 1 பைட், அதன்பின் டேட்டா. அதாவது 0-இலிருந்து எண்ணினால் டேட்டா தொடங்குவது 3-ஆம் பைட்டில். எழுதியவர் பஃபரோடு 3 கூட்டி, அதை 32-பிட் இன்டிஜர் பாயின்டராக காஸ்ட் செய்து, முதல் வார்த்தையை வோல்டேஜாகவும் அடுத்ததைக் கரன்டாகவும் எடுத்திருக்கிறார். பஃபர் 4-ஆல் வகுபடும் இடத்தில் தொடங்கினால், படிக்கும் இடம் வகுபடாது.

ஓ0-இல் இரண்டும் தனித்தனி எல்டிஆர், மெமரியிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்கும் கட்டளை. எம்4-இல் எல்டிஆர் இப்படி 4-ஆல் வகுபடாத, ஒழுங்கற்ற அட்ரஸையும் பொறுத்துக்கொள்ளும், ஆகவே விடை சரியாக வருகிறது. ஓ2-இல் கம்பைலர், இது 32-பிட் பாயின்டர், 4-ஆல் வகுபடத்தான் செய்யும், பக்கத்துப் பக்கத்து வார்த்தைகள் வேறு என்று பார்த்து, இரண்டையும் ஒரே எல்டிஆர்டி அல்லது எல்டிஎம் ஆக்கிவிடலாம். அவை இரண்டும் ஒழுங்கற்ற அட்ரஸை ஏற்கவே ஏற்காது. யூசேஜ் ஃபால்ட் எழுகிறது. அதற்கு ஹேண்ட்லரை எனேபிள் செய்யாவிட்டால் அது ஹார்ட் ஃபால்ட்டாக ஏறிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க யூகம் தேவையில்லை. ஃபால்ட் ஆனதும், காரணத்தைக் குறித்துவைக்கும் சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படியுங்கள், அட்ரஸ் ஹெக்ஸில் ஈ000ஈடி28. 24-ஆம் பிட் ஏறியிருந்தால், அதாவது ஹெக்ஸில் 01000000 என்று வந்தால், அன்அலைன்டு அக்சஸ். ஸ்டாக்கில் சேமித்த பிசி (புரோகிராம் கவுன்டர்) மதிப்பு எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் என்றே காட்டிவிடும். இதே கோடை லேப்டாப்பில் ஓட்டினால் எக்ஸ்86 சத்தமில்லாமல் படித்துவிடும். ஆனால் அன்டிஃபைண்ட் சானிடைசர் வரி எண்ணோடு கத்தும்.

தீர்வு மெம்காப்பி. பஃபரிலிருந்து 4 பைட்டை ஒரு உள்ளூர் வேரியபிளுக்குக் காப்பி செய்யுங்கள், பிறகு பைட் வரிசையை மாற்றுங்கள். ஃபங்ஷன் கால் வருமே, மெதுவாகுமே என்று புலம்ப வேண்டாம். அளவு நிலையானது என்பதால் எம்4-இல் ஓ2 அதை ஒரு எல்டிஆராகவே சுருக்கிவிடும். அட்ரஸ் சிக்கலும் தீரும், கூடவே டைப் மாற்றிப் படித்த அலையாசிங் மீறலும் போகும். உறுப்புகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் பேக்டு ஸ்ட்ரக்ட் போடலாமே என்பார்கள். அதன் உறுப்பின் முகவரியை எடுத்துச் சாதாரண பாயின்டரில் வைத்த நொடியில் பழைய கதைதான்.

மற்றவை, சுருக்கமாக

மில்லிசெகண்ட் டிக்கைச் சைன்டு 32-பிட்டில் வைக்காதீர்கள். 24 நாள் 20 மணி நேரம் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ, அதைப் பிடிக்க நீங்கள் எழுதிய "கூட்டினால் குறைகிறதா" சோதனையையும் ஓ2 தூக்கியிருக்கும். அன்சைன்டில் வைத்துக் கழித்தால், சுற்றி வந்தாலும் விடை சரி.

எல்லை தாண்டிப் படிப்பது வெறும் குப்பை மதிப்போடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். 2013-இல் ஜிசிசி 4.8 வந்தபோது ஸ்பெக் சிபியூ 2006 பெஞ்ச்மார்க்கின் எச்264 வீடியோ புரோகிராம் முடிவில்லாமல் சுற்றியது. 16 இடமுள்ள அரே. லூப் தன் கடைசிச் சோதனைக்கு முன்பு 17-ஆவது இடத்தைப் படித்தது. படிக்கிறார்கள் என்றால் எண் 15-ஐத் தாண்டாது, பிறகு 16-ஐ விடச் சிறியதா என்ற கேள்வி எதற்கு என்று கம்பைலர் சோதனையை எடுத்துவிட்டது.

வெற்று ஃபார் லூப்பால் டிலே வைத்தால் ஓ2-இல் டிலே இருக்காது. ஹார்டுவேர் டைமரைப் பயன்படுத்துங்கள். ஏவிஆர் லிப்சியின் டிலே ஃபங்ஷன்கள் நேர் எதிர், ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் அவற்றின் நேரம் தப்பும். பாஸ்வேர்டைத் துடைக்க வைத்த மெம்செட், அதன்பின் யாரும் அதைப் படிக்காததால் காணாமல் போகும், அதற்கென்றே ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் 2.25 முதல் எக்ஸ்ப்ளிசிட்-பிஜீரோ இருக்கிறது.

ஃப்ளோட் விடை கடைசி இலக்கங்களில் மாறினால், 32-பிட் எக்ஸ்86-க்கு கம்பைல் செய்கிறீர்களா என்று பாருங்கள். பழைய எக்ஸ்87 யூனிட்டின் ரெஜிஸ்டர் 80 பிட். மெமரியில் வைத்தால் 64 ஆகக் குறையும். எப்போது வைக்கிறது என்பது ஆப்டிமைசேஷனைப் பொறுத்தது. ஜிசிசியின் பக் பட்டியலில் 323-ஆம் எண் இதுதான், ஆண்டுக்கணக்கில் அதில் சண்டை நடந்தது. எக்ஸ்87-ஐ விட்டு எஸ்எஸ்ஈ2 கட்டளைகளுக்கு மாறினால் போய்விடும். ஓஃபாஸ்ட் போட்டிருந்தால் அது ஃப்ளோட் விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மேத்தையும் உள்ளே இழுத்துவரும். நேன் (எண்ணே அல்லாத மதிப்பு) சோதனைகள் எல்லாம் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இத்தனைக்கும் பிறகு கம்பைலர்தான் என்றால்

ஜிசிசிக்காரர்கள் தங்கள் பக் பக்கத்திலேயே கேட்டுக்கொள்வது: வால், எக்ஸ்ட்ரா போட்டுப் பாருங்கள்; நோ-ஸ்ட்ரிக்ட்-அலையாசிங், ராப்வி போட்டால் நடத்தை மாறுகிறதா, அன்டிஃபைண்ட் சானிடைசர் ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள்; அப்படியானால் தப்பு அநேகமாக உங்கள் கோடில். மேலே சொன்ன வழியில் வந்திருந்தால் இவை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

பிறகு கோடைச் சுருக்குங்கள். சி-ரிடியூஸ் என்ற கருவிக்கு "இன்னும் தப்பாக ஓடுகிறதா" என்று சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தால் அதுவே வரி வரியாக வெட்டித் தரும். அந்த ஸ்கிரிப்டுக்குள்ளேயே சானிடைசர் சோதனையையும் வையுங்கள். இல்லாவிட்டால் வெட்டுகிற வேகத்தில் அதுவே புதிதாக ஒரு யூபியை உண்டாக்கி உங்கள் கையில் கொடுத்துவிடும். கிடைத்த சின்ன புரோகிராமை இன்னொரு கம்பைலரிலும், அதே கம்பைலரின் புதிய வெர்ஷனிலும் ஓட்டிப் பாருங்கள். புதியதில் சரியாகியிருந்தால் டூல்செயினை மாற்றினால் போதும், ரிப்போர்ட் எழுதும் வேலை மிச்சம். அங்கேயும் உடைந்தால் வெர்ஷன், டார்கெட், முழு கமாண்ட் லைன், சேவ்-டெம்ப்ஸ் ஆப்ஷன் எடுத்துத் தரும் ப்ரீபிராசஸ் ஆன ஃபைல் ஆகியவற்றோடு அனுப்புங்கள். கம்பெனி கோடு எதுவும் அந்த ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.